இடிப்பதற்கு முன் ஓர் ஓலை: இங்கிலாந்தின் பழங்கட்டடக் கழகங்கள்

1877 மார்ச்சுத் திங்களில் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸ் 'அத்தீனியம்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். டியூக்ஸ்பரி நகரத்துப் பழந்தேவாலயத்தைப் புதுப்பிக்கும் பணி சர் கில்பர்ட் ஸ்காட் என்னும் கட்டடக் கலைஞரிடம் சேரவிருந்தது. புதுப்பித்தல் என்னும் பெயரால் பழமையின் மேனியே உரிக்கப்படுகிறது என்பது மாரிஸின் முறையீடு. அதே ஆண்டில் பிலிப் வெப் முதலியோருடன் கூடிப் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை அவர் நிறுவினார். 'சுரண்டல் எதிர்ப்பு' என்பது அதன் செல்லப்பெயர். மாரிஸ் பின்னாளில் பொதுவுடைமையாளர் ஆனவர்தாம். எனினும் ஈண்டுச் சுரண்டல் என்றது சுவரின் பழஞ்சாந்தைச் சுரண்டியதையே.

ஜான் லப்பக்கின் விடாமுயற்சியால் 1882இல் முதற்சட்டம் வந்தது. அதன் பட்டியலில் இடம்பெற்றவை 68 சின்னங்களே. பெரும்பாலும் கல்வட்டங்களும் புதைமேடுகளும். மக்கள் வாழும் மனையையோ வழிபடும் ஆலயத்தையோ அது தொடவில்லை. சொத்துரிமையில் கைவைக்க நாடாளுமன்றம் தயங்கியது.

சட்டம் விட்ட இடத்தைக் கழகங்கள் நிரப்ப முயன்றன. ஆயின் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தின் மீதே காதல். 1937இல் எழுந்த ஜார்ஜியக் குழு 18ஆம் நூற்றாண்டு மாளிகைகளைப் போற்றியது. விக்டோரியா காலத்துக் கட்டடங்களை அறிஞர் பலரே எள்ளி நகையாடிய சூழலில், 1958இல் விக்டோரியக் கழகம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் கவிஞர் ஜான் பெட்ஜமன் குறிப்பிடத்தக்கவர். சங்கப் பாடலில் தோய்ந்தவர் சிற்றிலக்கியத்தை ஒதுக்கிய கதை நாம் அறியாததன்று.

இலண்டன் யூஸ்டன் தொடர்வண்டி நிலையத்தின் முன் பிலிப் ஹார்ட்விக் எழுப்பிய வாயில், ஏறத்தாழ 70 அடி உயரமுடையது. நிலையத்தை விரிவாக்க அதனை அகற்ற முடிவாயிற்று. அது அரசின் பட்டியலில் இருந்த கட்டடமே. ஆனால் அன்றைய சட்டப்படி உரிமையாளர் முன்னறிவிப்புக் கொடுத்தாற் போதும். தடுக்க வேண்டுமாயின் ஆட்சியாளரே தனி ஆணை பிறப்பிக்க வேண்டும். இங்கோ உரிமையாளர் அரசு நிறுவனம்! வேறிடத்தில் பெயர்த்தமைக்க 1,90,000 பவுன் ஆகும் என்று கணக்கிட்டனர். 1961 அக்டோபரில் தூதுக்குழு ஒன்று பிரதமர் மெக்மில்லனைக் கண்டு மன்றாடியது, அவர் இசையவில்லை. அவ்வாண்டின் இறுதியில் இடிப்பு தொடங்கியது. அதன் கற்களுட் பல, 1994இல் கிழக்கு இலண்டனின் நீர்க்கால் ஒன்றின் அடியில் கண்டறியப்பட்டன.

இழப்பு உறைத்தது. 1967இல் டங்கன் சாண்டிஸ் கொணர்ந்த தனி உறுப்பினர் சட்ட முன்வடிவு நிறைவேறி, தனிக் கட்டடத்தை மட்டுமன்றித் தெருவையும் சுற்றுப்புறத்தையும் காக்கும் பகுதிகள் உருவாயின. 1968ஆம் ஆண்டுச் சட்டம் முறையையே தலைகீழாக்கியது: பட்டியலிலுள்ள கட்டடத்தை இடிக்க முன்னிசைவு பெற வேண்டும். தொடர்ந்த விதிகளின்படி, இடிப்பு விண்ணப்பம் வந்தால் தேசியக் கழகங்கள் ஐந்திற்கும் உள்ளாட்சி மன்றம் அந்நாளில் அறிவிக்க வேண்டியிருந்தது. காண்பதற்குச் சிறியது இவ்விதி. ஆயினும் கழகங்கள் பெற்ற பெரும்பேறு இதுவே எனலாம். அதுவரை செய்தியறிந்து ஓடிவந்தவர்கள், இனிக் கேட்கப்பட வேண்டியவர்கள் ஆயினர்.

1967இலேயே விக்டோரியக் கழகத்தின் போராட்டத்தால் இலண்டன் செயின்ட் பாங்கிரஸ் நிலையமும் விடுதியும் முதல்தரப் பட்டியலில் சேர்ந்து பிழைத்தன. அவ்விடுதியை வடிவமைத்தவர், மாரிஸ் எதிர்த்த அதே ஸ்காட்!

2002இல் தன்னார்வ அமைப்புகள் பல ஒரே குடையின்கீழ்த் திரண்டன. எனினும் கழகங்கள் கருத்துரைக்கலாமேயன்றித் தடுக்க இயலாது. முடிவு உள்ளாட்சி மன்றத்துக்கும் அமைச்சருக்கும் உரியது. பணமுடையும் தீரவில்லை. சாண்டிஸ் 1957இல் நிறுவிய குடிமை அறக்கட்டளையே நிதியின்றி 2009இல் மூடப்பட்டது.