படத்தை மாற்றும் கை

ஏற்றம் இறைத்ததைக் கண்ணால் கண்டவர்கள் நேயர்களில் சிலரேனும் இருப்பீர்கள். துலாவின்மீது முன்னும் பின்னும் நடப்பவர் ஒருவர். கிணற்று வாயில் நின்று சாலைப் பற்றிக் கவிழ்ப்பவர் மற்றொருவர். மேலே உள்ளவரின் கால் ஒரு கணம் முந்தினாலும், கீழே உள்ளவரின் கை ஒரு கணம் பிந்தினாலும் நீர் வாய்க்காலுக்குப் போய்ச் சேராது. அவ்விருவரையும் ஓர் ஒழுங்கில் நிறுத்தியது ஏற்றப் பாட்டு.

திரையில் படம் காட்டிப் பேசும் கலையும் நெடுங்காலம் இவ்வாறே இருவர் தொழிலாக இருந்தது. மேடையில் நின்று பேசுபவர் ஒருவர். கூட்டத்தின் பின்னால் விளக்கருகே நின்று படத்தை மாற்றுபவர் வேறொருவர். இன்று மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ ஒரு மண்டபத்துக்குச் சென்றால் அந்த இரண்டாம் மனிதரைக் காண்பது அரிது. பேச்சாளரின் உள்ளங்கைக்குள் ஒரு சிறு ரிமோட் இருக்கிறது; விரல் அசைந்தால் படம் மாறுகிறது. அந்த இரண்டாம் மனிதர் எங்கே போனார்? அவர் செய்துவந்த வேலைகளுள் எதை இயந்திரம் ஏற்றுக்கொண்டது, எதை ஏற்காமல் விட்டது? இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். விளக்கும் திரையும் கொண்டு கதை சொல்வது மேல்நாட்டார் வரும்முன்பே நம்மிடம் இருந்தது. தோற்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோலில் செய்த பாவைகளை வெள்ளைத் திரையின் பின்னே நிறுத்தி, விளக்கொளியில் ஆட்டுவார்கள். அங்கே பாவையை ஆட்டும் கையும் இராமனுக்கும் இராவணனுக்கும் குரல் கொடுக்கும் வாயும் ஒருவருடையனவே. தமிழ்நாட்டில் இக்கலையை வளர்த்த மண்டிகர் முதலிய குடும்பத்தினர் வீட்டில் மராத்தி பேசுபவர்கள். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நடந்த காலத்தில் தெற்கே வந்தவர்கள் என்று கருதப்படுகிறவர்கள். இங்கே மகாராஷ்டிரத்திலும் சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குளி ஊரில், ஓவியத் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்டிக் கதை பாடும் சித்திரகதி மரபு உண்டு. தமிழர் மராட்டிய மண்ணுக்கு வந்ததுபோலவே, மராட்டியர் கலையும் தமிழ் மண்ணுக்குச் சென்றது. இவ்விரு மரபிலும் படமும் சொல்லும் ஒருவர் கையிலேயே இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி மேல்நாட்டு விளக்குக்கு வருவோம். ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659இல் மாய விளக்கு ஒன்றை அமைத்தார். கண்ணாடியில் வரைந்த உருவத்தின் வழியாக ஒளியைச் செலுத்தி, உருப்பெருக்கும் ஆடியால் சுவரில் விழச் செய்வதே அதன் தத்துவம். தத்துவம் எளிது, ஆனால் எண்ணெய் விளக்கின் ஒளி ஒரு சிறு அறைக்கு மேல் எட்டவில்லை. 1820களில் சுண்ணாம்பு ஒளி தோன்றிய பின்னரே பெரிய மண்டபங்களில் படம் காட்ட முடிந்தது. ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் ஆகிய இரு வாயுக்களின் சுடரைச் சுண்ணாம்புக் கட்டிமீது செலுத்தினால் அது வெண்ணிறமாய்ச் சுடர்விடும். சுண்ணாம்பில் குழி விழ விழ அதனைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாயுவின் அளவு சிறிது பிசகினாலும் வெடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே விளக்கை விட்டு ஓர் ஆள் அசைய இயலாது. பேசுபவரும் படம் மாற்றுபவரும் இருவராகப் பிரிந்ததற்கு முதற்காரணம் இந்த நெருப்பே.

மும்பைக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்யாண் நகரில் மகாதேவ கோபால் பட்வர்தன் என்பவர் 1892இல் இவ்விளக்கைக் கொண்டு ஒரு புதிய கலையையே படைத்தார். ‘சாம்பரிக் கரோலிகா’ என்று அதற்குப் பெயர். மாயையில் வல்லவன் என்று புராணம் கூறும் சம்பராசுரனை நினைவூட்டும் பெயர் அது. கண்ணாடிப் படவில்லைகளில் கையாலேயே வண்ணம் தீட்டி, அவற்றை விரைவாக மாற்றி மாற்றிக் காட்டி, உருவங்கள் அசைவனபோல் தோன்றச் செய்தார்கள். இராமாயணக் கதைகளும் சர்க்கஸ் காட்சிகளும் திரையில் ஓடின. கதை சொல்பவர், பாடுபவர், விளக்கை இயக்குபவர் என்று வேலை பிரிந்திருந்தும், பட்வர்தனும் அவர் மக்களுமாக ஒரு குடும்பமே முன்னின்று நடத்தியதால், ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்திருந்தனர். ஏற்றப் பாட்டு செய்த வேலையை அங்கே குடும்பப் பழக்கம் செய்தது.

எல்லாப் பேச்சாளருக்கும் அத்தகைய துணை வாய்ப்பதில்லை. ஐரோப்பிய மண்டபங்களில் பேச்சாளர் கோலால் தரையைத் தட்டுவார். அல்லது மணி அடிப்பார். பிற்காலத்தில் மின்சார விசையை அழுத்திப் பின்னால் இருப்பவருக்குக் குறி காட்டுவார். இவையெல்லாம் இல்லாதபோது வாய்விட்டே ‘அடுத்த படம்’ என்று சொல்ல வேண்டியதுதான். இவ்வழக்கம் மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2020இல் பெருந்தொற்று நாட்களில் பிரிட்டிஷ் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி தொலைக்காட்சியில் விளக்கம் தந்தபோது, ‘அடுத்த படத்தைக் காட்டுங்கள்’ என்று அடிக்கடி கூறிய சொல் அந்நாட்டில் வேடிக்கைப் பழமொழியாகவே ஆகிவிட்டது.

இந்த விளக்கு மும்பையில் வெறும் வேடிக்கைப் பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. 1911இல் என். எம். ஜோஷி முதலியோர் தொடங்கிய சமூக சேவைச் சங்கம் ஆலைத் தொழிலாளரிடையே இரவுப் பள்ளிகளும் நடமாடும் நூலகங்களும் நடத்தியதோடு, விளக்குப் படச் சொற்பொழிவுகளையும் ஏற்பாடு செய்தது. 1896 முதல் பிளேக் நோய் வாட்டிய நகரம் இது. எழுத்தறியாத உழைப்பாளிக்குச் சுகாதார விதிகளை அச்சிட்ட தாளில் தருவதைவிட வெள்ளைத் துணியில் படமாகக் காட்டுவது பயன்பட்டது. ஆனால் படம் ஒன்றே போதுமா? அதனைக் காண்பவரின் மொழியில் ஒருவர் விளக்க வேண்டும். அவர் புரிந்துகொள்ளும்வரை படம் நிற்கவும் வேண்டும். படத்தை நிறுத்திவைப்பதும் மாற்றுவதும் கல்வியின் ஒரு பகுதி என்பதை இங்கே காண்கிறோம்.

அதே 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் இந்நகரத்து வாட்ஸன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் அசையும் படங்கள் முதன்முதலாகக் காட்டப்பட்டன. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே அலுவலராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்துத் தமிழ்நாட்டில் மட்டுமன்றி வடக்கே பெஷாவர் வரையிலும் சென்று படம் காட்டினார். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அவர் ஒரு முன்னோடி எனலாம். அன்றைய படங்கள் ஊமைப் படங்கள். ஆதலால் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரையருகே ஒருவர் நின்று கதையை உரத்த குரலில் விளக்குவார். ஆனால் படச்சுருள் அவருக்காக நிற்காது. விளக்குப் பேச்சாளர் கட்டளையிட்டுப் படத்தை மாற்றினார். ஊமைப் பட விளக்குநரோ படத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடினார். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் இதே பம்பாய் நகரில் தயாராகி வெளிவந்த பின், மெல்ல மெல்ல அவருக்கு வேலையே இல்லாமற் போயிற்று.

பேசும் படக் காலத்தில் படத்தை இயக்குபவர் தனி அறைக்குள் மறைந்தார். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளை அடுத்த அரோரா திரையரங்கில் பல பத்தாண்டுகள் தமிழ்ப் படங்கள் ஓடியதை மும்பைத் தமிழர் அறிவர். அத்தகைய அரங்குகளில் கரித்துண்டுகளுக்கு இடையே பாயும் மின்சாரச் சுடரே ஒளி தந்தது. கரி தேயத் தேய அதனை நெருக்கிவைக்க வேண்டும். ஒரு சுருள் முடியும் தறுவாயில் திரையின் மூலையில் தோன்றும் புள்ளியைப் பார்த்து அடுத்த இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். சுருள் அறுந்தாலோ ஒளி மங்கினாலோ அரங்கம் முழுவதும் விசில் பறக்கும், ‘ஆபரேட்டர்!’ என்ற கூக்குரல் எழும். அந்நாளில் ரசிகர்களிடம் இருந்த ரிமோட் அந்த விசில் ஒன்றுதான்.

விளக்குக்கு மனிதனின் காவல் தேவைப்பட்டவரை ரிமோட்டுக்கு இடமில்லை. தானே எரியும் மின்பல்பு வந்தபின் நிலைமை மாறிற்று. 1961இல் கோடாக் நிறுவனம் ‘கேரோசல்’ என்ற படக்கருவியை வெளியிட்டது. வட்டத் தட்டு ஒன்றில் 80 படவில்லைகள் அடுக்கியிருக்கும். பொத்தானை அழுத்தினால் தட்டு ஓரிடம் நகர, அடுத்த வில்லை தன் எடையாலேயே உள்ளே விழும். நீண்ட கம்பி ஒன்றின் நுனியிலிருந்த பொத்தான்களால் பேச்சாளரே முன்னுக்கும் பின்னுக்கும் படத்தை நகர்த்தலாம். இக்கருவியின் உற்பத்தி 2004இல் நின்றது. ஆயினும் பிரிந்த கையும் வாயும் மீண்டும் ஒருவரிடம் சேர்வதற்கு இது வழிவகுத்தது.

கம்பியை அறுக்கும் முயற்சி தொலைக்காட்சிப் பெட்டியால் முன்னேறியது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் யூஜின் பாலி 1955இல் ஒளிக்கற்றையாலும், ராபர்ட் ஆட்லர் 1956இல் செவிக்கு எட்டாத ஒலியாலும் பெட்டியை இயக்கும் ரிமோட்டுகளை அமைத்தனர். பின்னர் வந்தது அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடித்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய குறியைச் சொல்லுகிறது. 1987இல் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கிய ‘பவர்பாயிண்ட்’ வெளிவந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. கண்ணாடி வில்லை போய், கணிப்பொறிப் பக்கம் வந்தது.

இன்று மேடையேறுபவர் இரண்டு கருவிகளைப் பிரித்தறிதல் வேண்டும். படவீழ்த்தியோடு வரும் ரிமோட் விளக்கை ஆளும். கணிப்பொறியோடு இணையும் ‘கிளிக்கர்’ பக்கத்தை ஆளும். முன்னதன் அகச்சிவப்பு ஒளி படவீழ்த்தியின் சிறு கண்ணில் பட வேண்டும். இடையில் தூணோ ஆளோ நின்றால் கட்டளை போய்ச் சேராது. பின்னது பெரும்பாலும் வானொலி அலையால் இயங்குவதால் எத்திசையிலிருந்தும் செயற்படும். அணைக்கும் பொத்தானை இருமுறை அழுத்தும்படி பல கருவிகள் கேட்பதற்கும் காரணம் உண்டு. பாதரச விளக்கு அணைந்தால், ஆறிய பின்னரே மீண்டும் எரியும்; ஆதலால் தவறுதலாக அணைக்காதிருக்க இக்காவல். அணைத்தபின் விசிறி ஓய்வதற்கு முன் மின்கம்பியைப் பிடுங்குவது விளக்கின் ஆயுளைக் குறைக்கும். படத்தை அசையாது நிறுத்தும் பொத்தானும், திரையைச் சிறிது நேரம் இருளாக்கும் பொத்தானும் பல ரிமோட்டுகளில் உண்டு. கூட்டத்தின் கண்ணைத் திரையிலிருந்து பேச்சாளரின் முகத்துக்குத் திருப்ப வல்லவை அவை. எனினும் அவற்றைத் தொடுவார் மிகச் சிலரே.

இனி அந்த இரண்டாம் மனிதருக்கு வருவோம். அவர் கைவேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர் கண்வேலையை எதுவும் ஏற்கவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்ற அவருக்கு எந்தத் தலை எட்டிப் பார்க்கிறது, எந்த மூதாட்டி பக்கத்திலிருப்பவரிடம் பொருள் கேட்கிறார் என்பது தெரியும். பேச்சாளர் அவசரப்பட்டாலும் அவர் ஒரு கணம் தாமதிக்கலாம். இன்று அந்தக் கணத்துக்குப் பொறுப்பாளர் ஒருவரே.

இது சிறு விஷயமன்று. தாராவியை எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இடம் அது. அதன் மறுகட்டுமானத் திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு 2004இல் ஒப்புதல் தந்தது. 2022 நவம்பரில் அப்பணிக்கான ஏலத்தில் அதானி குழுமம் முந்தியது. சுமார் 600 ஏக்கர்ப் பரப்பின் வரைபடம் ஒரு திரையில் விழுகிறது என்று கொள்வோம். அதில் தன் சந்து எங்கே, தன் வாசல் எங்கே என்று தேடும் ஒருவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? எழுத்து அவர் தாய்மொழியில் இல்லையெனில் இன்னும் எவ்வளவு? பொத்தானை வைத்திருப்பவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டால், ‘காட்டினோம்’ என்று சொல்ல அவருக்கு இடமுண்டு. ‘கண்டோம்’ என்று சொல்ல மக்களுக்கு இடமில்லை. காட்டுவதற்கும் காண்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பவர் அந்த ரிமோட்டை வைத்திருப்பவரே.

பாவைக் கூத்தர் மீண்டும் வந்துவிட்டார் என்று சொல்லலாம். கையும் வாயும் ஒருவருடையனவாகிவிட்டன. ஆனால் கூத்தர் கூட்டத்தின் ஓசைக்குச் செவி கொடுத்து, சிரிப்பெழுந்தால் நீட்டுவார், சலிப்பெழுந்தால் சுருக்குவார். அப்பழக்கத்தையும் நாம் பெற வேண்டும். நம் சங்கங்களில் படம் காட்டிப் பேசுபவர் பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை கடைசி வரிசையைப் பார்ப்பாராக.

கேட்போருக்கும் ஒரு கடமை உண்டு. ஓடும் படச்சுருளைத் திருப்பக் கேட்க முடியாது. ஆனால் எல்லாக் கிளிக்கரிலும் முன்னோக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே பின்னோக்கும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. ‘ஐயா, முந்தின படத்தை இன்னும் ஒருமுறை காட்டுங்கள்’ என்று எழுந்து கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை.