கரையும் சாலையும்: காவிரிப் படுகையின் மண்பாதை ஓட்டக்காரர்களும் உள்ளூர்ச் சாலைப் போட்டிகளும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மண்பாதை நெடுந்தூர ஓட்டம் என்றதும் நீலகிரியும் ஜவ்வாது மலையும்தான் நினைவுக்கு வருகின்றன. மலையே இல்லாத தஞ்சைத் தரணிக்கு இதில் என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். உலகத் தடகள அமைப்பின் விதி இதற்கு விடை தருகிறது. இத்தகைய போட்டி திறந்தவெளியில், பெரும்பாலும் மண்சாலை, ஒற்றையடிப் பாதை, மணல் போன்ற தரையில் நடக்க வேண்டும். தூரத்துக்கோ ஏற்ற இறக்கத்துக்கோ வரம்பு கிடையாது. அப்படியானால் வெண்ணாற்றங்கரையும் வடவாற்றங்கரையும் முழுத் தகுதியுள்ள ஓடுகளங்களே.

இக்களங்களில் ஓடிப் பழகியவர்கள் உள்ளூர்ச் சாலைப் போட்டிகளுக்கு வரும்போது எதைக் கொண்டு வருகிறார்கள், எது அவர்களிடம் குறைகிறது, அக்குறையை எப்படி நிரப்பலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. ஓடுகிறவர்கள் யார்

படுகைக் கிராமங்களில் விடிகாலையில் கரையில் ஓடும் இளைஞர்களில் பலர் காவலர் தேர்வுக்கோ ராணுவ ஆள்சேர்ப்புக்கோ தயாராகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். ராணுவ முகாமில் 1.6 கி.மீ. ஓட்டம் இருக்கிறது. வேலைக்காகத் தொடங்கிய ஓட்டம் சிலருக்கு விருப்பமாக மாறி, அவர்களை மினி மாரத்தான்களுக்கு அழைத்து வருகிறது.

இப்போட்டிகளில் இன்று பரவலானது, அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் அறிஞர் அண்ணா மாரத்தான். பெயர் மாரத்தான் என்றாலும், 17 முதல் 25 வயது வரையான ஆண்களுக்கு 8 கி.மீ., அதற்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கி.மீ., பெண்களுக்கு 5 கி.மீ. என்பதே தூரம்.

3. களத்தின் இயல்பு

3.1 நிலம். பழைய டெல்டாவின் தரை வண்டல் களிமண். ஈரத்தில் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு எடை கூட்டும்; கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வல்லம் பக்கத்துச் செம்மண் மேடு இறுகிய தரை. மழை விட்டதும் விரைவில் காயும். ஆற்றங்கரை அகலமானது, வண்டித் தடம் பதிந்தது. வயல் வரப்போ ஓர் அடி வைக்க மட்டுமே இடம் தரும். நண்டு வளை, மடை வெட்டு, வழுக்கும் புல் என ஒவ்வோர் அடியிலும் கண் தரையைப் படிக்க வேண்டும்.

3.2 நீர்க் கணக்கு. 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த மேட்டூர் அணை, வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. நீர்வரத்தைப் பொறுத்துத் திறப்புத் தேதி நகரும்; 2022-இல் மே 24-இலும், 2024-இல் ஜூலை 28-இலும் திறந்தார்கள். கரை ஓட்டக்காரரின் ஆண்டும் இதையே பின்பற்றுகிறது. ஆனி, ஆடியில் கரை காய்ந்திருக்கும். மேல்காற்று பலமாக வீசும். மேற்கே கல்லணைத் திசையில் எதிர்காற்றில் போய், காற்றோடு திரும்புவது இயற்கை தரும் வலுப் பயிற்சி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கரையைச் சேறாக்கிவிடும். சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் உளுந்தும் பயறும் நிற்பதால் வயலுக்குள் கால் வைக்க முடியாது. அப்போது வரப்பும் கரையுமே வழி.

4. உடலில் நிகழ்வது

மண்பாதை கூடுதல் உழைப்பைக் கேட்கிறது என்பதற்கு அளந்த சான்றுகள் உண்டு. 1998-இல் பெல்ஜியத்தின் லூவெய்ன் ஆய்வாளர்கள், மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைப்போல் 1.6 மடங்கு ஆற்றல் செலவாவதைக் கண்டனர். 2015-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு, சில சென்டிமீட்டர் மேடுபள்ளம் உள்ள தரையிலும் செலவு சுமார் 5 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. எனவே கரையில் கிடைக்கும் நேரத்தை வைத்து ஒருவர் தன் சாலை வேகத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

தரை மாறும்போது கால் எவ்வளவு விரைவில் ஈடுகொடுக்கிறது என்பதற்கு 1999-இல் பெர்க்லியில் நடந்த ஆய்வு விடை சொன்னது. மென்தரையிலிருந்து வன்தரைக்கு மாறும் ஓட்டக்காரர், புதிய தரையில் வைக்கும் முதல் அடியிலேயே காலின் விறைப்பை மாற்றிக்கொள்கிறார். நரம்பும் தசையும் சேர்ந்து செய்யும் இந்தச் சரிக்கட்டல் நொடியில் முடிகிறது. ஆனால் எலும்பும் குதிகால் நாணும் பலப்பட வாரங்கள் பிடிக்கும். தார்ச் சாலையில் ஒரே வகை அடி ஆயிரக்கணக்கில் மாறாமல் திரும்பத் திரும்ப விழுகிறது. வரப்பில் அடிக்கு அடி சுமை இடம் மாறிக்கொண்டே இருக்கும். சாலையில் அது ஒரே இடத்தில் குவிகிறது. கரையில் எளிதாக ஓடியவர் சாலையில் முன்கால் வலியோடு நிற்பதற்கு இதுவே முதன்மையான காரணம். காலில் வலு இருக்கிறது. அந்தச் சுமைக்கான பழக்கம்தான் இல்லை.

5. சாலைப் போட்டியின் இலக்கணம்

5.1 கோடு. முறையாக அளந்த சாலைத் தடத்தில், ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியே அளவாகிறது. தூரம் குறைந்துவிடாமலிருக்க 0.1 விழுக்காடு கூட்டுவார்கள், 10 கி.மீ. தடம் 10,010 மீட்டராக அமையும். கரையில் பாதை ஒன்றே, தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. சாலையில் வளைவுக்கு வளைவு உட்புறத்தைத் தேட வேண்டும். உள்ளூர்ப் போட்டிகள் பெரும்பாலும் ஓரிடத்தில் திரும்பி வருபவை. அந்தத் திருப்பத்தில் இரண்டு மீட்டர் விலகிச் சுற்றினாலே ஆறு மீட்டருக்கு மேல் வீணாகும்.

5.2 சீர்வேகம். வரப்பில் வேகத்தைத் தரை தீர்மானிக்கிறது. சாலையில் ஓட்டக்காரரே தீர்மானிக்க வேண்டும். 8 கி.மீட்டரை 32 நிமிடத்தில் முடிக்க எண்ணுபவர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4 நிமிடம் என்ற கணக்கை விடக் கூடாது. தடையில்லாத தரையைக் கண்டதும் முதல் கிலோமீட்டரில் பாய்ந்துவிடுவதே கரை ஓட்டக்காரரிடம் அடிக்கடி தெரியும் பலவீனம்.

5.3 பருவம். அண்ணா மாரத்தான் வரும் காலம் குறுவை அறுவடைக் காலம். ஊர்ச்சாலையின் பாதியில் நெல் காயும். அது உழவரின் ஆண்டு உழைப்பு. அதைத் தள்ளச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தடம் குறிப்பவர்கள்தாம் முன்கூட்டியே ஊராரிடம் கேட்டு, வேறு சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

6. ஒப்பீட்டுச் சான்றுகள்

கல்லணைக் கால்வாய் தஞ்சாவூர் வழியாகச் சென்று புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் முடிகிறது. அந்த மாவட்டம் தந்த இருவர் களம் மாறும் திறனுக்குச் சான்று. கோ. லட்சுமணன் 2017 புவனேசுவரம் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே ஆண்டு லோ. சூர்யா, டெல்லி அரை மாரத்தானின் இந்தியப் பெண்கள் பிரிவில் 1 மணி 10 நிமிடம் 31 விநாடியில் முதலிடம் பெற்றார். சூர்யா ஓடுதளத்திலும் 5,000, 10,000 மீட்டர் ஓடியவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்த லட்சுமணன், ஓடுதளத்தின் உட்கோட்டைத் தாண்டி மிதித்ததற்காகப் பதக்கத்தை இழந்தார். வலு எவ்வளவு இருந்தாலும் கோட்டின் ஒழுங்கு தனிப் பாடம் என்பதை இதைவிட உறைக்கும்படி சொல்லும் நிகழ்வு இல்லை.

எதிர்த்திசைச் சான்றும் உண்டு. 2008 முதல் ஆரோவில்லில் காட்டுச் செம்மண் பாதையில் நடந்துவரும் மாரத்தானுக்கு நகரத்துச் சாலை ஓட்டக்காரர்கள் விரும்பிச் செல்கிறார்கள். அவர்கள் பயணம் செய்து தேடும் தரை, படுகைப் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் கிடக்கிறது.

7. முடிவுகளும் பரிந்துரைகளும்

அ. கரை ஓட்டம் கணுக்கால் வலுவையும், தரையைப் படிக்கும் கண்ணையும், எதிர்காற்றைத் தாங்கும் பொறுமையையும் தருகிறது. சாலைச் சுமையைத் தாங்கும் பழக்கத்தையும் சீர்வேகத்தையும் தருவதில்லை.

ஆ. எனவே போட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வாரம் ஒரு நாள் சாலையில் ஓடத் தொடங்கி, பின்னர் இரண்டு நாளாக்க வேண்டும். மற்ற நாட்கள் கரையிலேயே தொடரட்டும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே நேரம் பார்த்து ஓடுவது செலவில்லாத சீர்வேகப் பயிற்சி. விடிந்த பிறகு, வண்டிகளை எதிர்நோக்கி ஓடுவதே பாதுகாப்பு.

இ. தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கம் போன்ற மாவட்ட அரங்குகளில், செப்டம்பருக்கு முன் கிராமத்து ஓட்டக்காரர்களுக்கென ஞாயிறு பயிற்சிகள் நடத்தலாம். கோட்டில் ஓடுவதையும் திரும்புவதையும் கற்றுக்கொள்ள இரண்டு காலைகள் போதும்.

ஈ. கல்லணைக் கால்வாயைச் சீரமைத்துக் கான்கிரீட் இடும் திட்டத்துக்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய பணிகளில் ஒரு பக்கக் கரையையாவது மண்பாதையாக விட்டுவைக்க வேண்டும். மைதானம் இல்லாத ஊர்களில் ஏழைப் பிள்ளைகள் ஓடிப் பழக அரசு தனியாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. இருக்கிற கரையை முள் வெட்டி, மேடுபள்ளம் நிரவி, மண்ணாகவே காத்தால் போதும். காவலர் தேர்வுக்கும் மாவட்டப் போட்டிக்கும் அதற்கு மேலான அரங்குகளுக்கும் அந்தக் கரையிலிருந்தே ஓட்டக்காரர்கள் வருவார்கள்.