தேநீர்க் குடுவையில் தெய்வங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மவுண்ட் ரோடு 'பி. ஆர் அண்ட் சன்ஸ்' கடிகாரக் கடைக்குப் போன வெள்ளைக்காரர்கள் கடிகாரத்தோடு திரும்பிவிடவில்லை. வெள்ளித் தேநீர்க் குடுவைகளும் வாங்கினார்கள். குடுவையைச் சுற்றித் திருவாசி போன்ற வளைவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் முழு ஆபரணங்களோடு ஒரு தெய்வம். பலவற்றில் கைப்பிடியே பாம்பு. 'சாமி' வேலைப்பாடு என்றே அதற்குப் பெயர் வழங்கியது.

அந்நியச் சாமிகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ரசிப்பது ஐரோப்பாவில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படை நடத்திய பிறகு, ஸ்பிங்க்ஸும் தாமரையும் சிறகு விரித்த சூரியனும் விளக்குகளிலும் மேசைக் கடிகாரங்களிலும் ஏறின. 1856இல் ஓவன் ஜோன்ஸ் வெளியிட்ட 'கிராமர் ஆஃப் ஆர்னமெண்ட்' நூல் எகிப்திய அலங்காரத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. அந்த நூலுக்கு ஒரு படம் வரைந்து தந்த கிறிஸ்டபர் டிரெஸ்ஸர்தான் பிற்பாடு உலோகப் பாத்திர வடிவமைப்பில் பெரும்பெயர் எடுத்தவர்.

ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே வடிவமைப்பாளர்கள் வழிபாடு நின்றுபோன தெய்வங்களைப் புத்தகத்திலும் அருங்காட்சியகத்திலும் பார்த்து வரைந்தார்கள். சென்னைப் பட்டறையில் உளி பிடித்தவருக்கோ அந்தத் தெய்வங்கள் அன்றாடம் கும்பிடும் தெய்வங்கள். சங்கு எந்தக் கை, சக்கரம் எந்தக் கை என்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த நகாசு வேலை பொறுமையைக் கேட்பது. தகட்டைத் தட்டிக் குடுவையாக்கி, உள்ளே உருக்கிய அரக்கை நிரப்புவார்கள். அது இறுகியதும், உருவத்தைச் சுற்றியுள்ள தளத்தைச் சிற்றுளியால் தட்டித் தட்டித் தாழ்த்துவார்கள். அப்போதுதான் மார்பும் முழங்காலும் புடைத்து நிற்கும். அடி பலமானால் வெள்ளி கிழியும், குறைந்தால் முகம் மழுங்கும். முடிந்ததும் சூடேற்றி அரக்கை வடித்துவிடுவார்கள். தஞ்சாவூர்த் தட்டின் புடைப்பு வேலைக்கும் இது நெருங்கிய சொந்தம்.

1875-76இல் இந்தியா வந்த பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்டுக்குக் கிடைத்த பரிசுப் பொருள்களில் ஆர் நிறுவனத்தின் சாமித் தேநீர்ச் சாமான்களும் இருந்தன. அந்தப் பரிசுகள் 1878 பாரீஸ் கண்காட்சிக்கும் போயின.

இதே காலத்தில், அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கைவினையைப் பாடமாக்கிக்கொண்டிருந்தது. 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். சாமியும் திருவாசியும் இல்லாத வெறும் பாத்திரங்கள். ஆனால் அவை வெள்ளைக்காரர் மேசைக்கு அல்ல, நம் அடுப்படிகளுக்கு வந்தன. சாமிக் குடுவைகள் இன்று வெளிநாட்டு ஏலங்களில் கைமாறுகின்றன. அடிப்பாகத்தில் 'ஆர்' என்ற கடை முத்திரையோடு. உளி பிடித்தவர்களின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்.