சில நூறு ரூபாய் டப்பா மைலேஜை ஏத்துமா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ரீல்ஸ் பார்க்கும்போது கண்ணில் பட்டிருக்கும். தீப்பெட்டி சைஸில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. 'காரில் சொருகுங்க, மைலேஜ் எகிறும், பிக்கப் பிச்சுக்கும்' என்று சத்தியம் செய்வார்கள். விலை சில நூறு ரூபாய்தான். 'போனா போகுது, வாங்கித்தான் பார்ப்போமே' என்று கை துறுதுறுக்கிறதா? ஒரு நிமிஷம்!

டப்பாவுக்குள் என்ன இருக்கு?

இதைச் சொருகச் சொல்லும் இடம், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி, கோளாறைக் கண்டுபிடிக்கும் 16 பின் சாக்கெட் அது. இன்ஜினின் மூளையான இசியூ-வில் கைவைக்க, அந்தந்த மாடலுக்கேற்ற சாஃப்ட்வேர் வேண்டும். ஆனால், இப்படி விற்கப்பட்ட டப்பாவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது, சில எல்.இ.டி லைட்டுகளும், அவற்றை மினுக்கவைக்கும் ஒரு சின்ன சிப்பும்தான்!

காந்தம் வேலை செய்யுமா?

'பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் எரிபொருள் முழுசா எரியும்' என்பார்கள். இன்றைய இன்ஜின்கள் ஏற்கெனவே 97 சதவிகிதத்துக்கும் மேல் எரித்துவிடுகின்றன. பெட்ரோலின் சக்தி பெரும்பாலும் வீணாவது வெப்பமாகத்தான். அதைக் காந்தத்தால் தடுக்க முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இதுபோன்ற 100-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. அநேகமாக எதுவுமே தேறவில்லை.

'என் ஃப்ரெண்டுக்கு வேலை செஞ்சுதே!'

'200 கி.மீ ஓட்டினால்தான் கார் பழகும்' என்று ஒரு கண்டிஷன் போடுவார்கள். அந்த நாள்களில் மைலேஜ் மேலேயே கண் இருப்பதால், நம்மையும் அறியாமல் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதிப்போம். மிச்சப்படுத்தியது உங்கள் கால். பெயர் வாங்குவது டப்பா!

காசு செலவில்லாத வழிகள்

* டயரில் காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தாலே மைலேஜ் சுமார் 0.2 சதவிகிதம் அடிவாங்கும். 10 குறைந்தால்? கணக்கு போட்டுக்கோங்க.
* 80 கி.மீ வேகத்தைத் தாண்டினால், காற்றின் எதிர்ப்பு பெட்ரோலைக் குடிக்கும்.
* டிக்கியில் கிடக்கும் தேவையில்லாத பொருள்களை இறக்குங்கள்.
* டேங்க்கை ஃபுல் செய்து, ஓட்டி, மறுபடி ஃபுல் செய்யுங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவதாகப் போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் தெரியும்.

ஒயரை வெட்டி மாட்டும் கருவி என்றால் இன்னும் உஷார். ஷார்ட் சர்க்யூட் ஆனால் போவது சில நூறு ரூபாய் இல்லை, கார்!

நிஜமாகவே சில நூறு ரூபாயில் மைலேஜ் கூடும் என்றால், ஒரு கிலோமீட்டருக்காகப் போட்டி போடும் கார் கம்பெனிகள் அதை ஃபேக்டரியிலேயே மாட்டித் தந்திருக்காதா, பாஸ்?