தோற்கும் அணியின் நாற்றங்கால்

2013 அக்டோபர் 30. மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸுக்கு அதுதான் முதல் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டம். ஃபிலடெல்ஃபியா செவன்டி சிக்ஸர்ஸுக்கு எதிரே நின்றது லெப்ரான் ஜேம்ஸின் மயாமி ஹீட், நடப்புச் சாம்பியன். பையன் 22 புள்ளி எடுத்தார், 12 அசிஸ்ட் கொடுத்தார், எதிராளிகளிடமிருந்து 9 முறை பந்தைப் பறித்தார். அறிமுக ஆட்டத்தில் அத்தனை ஸ்டீல் அதுவரை யாரும் செய்ததில்லை. சிக்ஸர்ஸ் 114-110 என்று வென்றது.

2021 டிசம்பர் 2. மெம்ஃபிஸில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் 152-79 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம், என்.பி.ஏ. வரலாற்றிலேயே ஆகப் பெரிய தோல்வி. தண்டரின் முக்கிய ஆட்டக்காரர் ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டர் அன்று இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மெம்ஃபிஸின் ஜா மொரான்ட்டும் இல்லையே.

இந்த இரண்டு ஆட்டங்களை மட்டும் பார்த்த ஒருவரிடம், எந்த அணியின் பிள்ளைகள் தேறுவார்கள் என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல அவர் யோசித்திருக்கவே மாட்டார். கார்ட்டர் வில்லியம்ஸ் பதினாறு மாதத்தில் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். தண்டர் நாலு வருஷத்துக்குள் கோப்பையைத் தூக்கியது.

இரண்டு அணிகளும் செய்தது அடிப்படையில் ஒன்றுதான். இருந்த பெரிய ஆட்டக்காரர்களைக் கொடுத்துவிட்டு, வருங்கால டிராஃப்ட் உரிமைகளை வாங்கிக்கொண்டு, சில வருஷம் தோற்பது. புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் இடங்கள் குலுக்கலில் முடிவாகும். மோசமாகத் தோற்றவனுக்கு அதில் வாய்ப்பு அதிகம். 2013இல் சிக்ஸர்ஸுக்கு மேலாளராக வந்த சாம் ஹிங்கி இதைக் கூச்சமில்லாமல் செய்தார். டிராஃப்ட் நடந்த இரவே, 23 வயது ஆல் ஸ்டார் ஜ்ரூ ஹாலிடேயை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த மூன்று பருவங்களில் சிக்ஸர்ஸ் வென்ற ஆட்டங்கள் 19, 18, 10. ஒவ்வொரு பருவத்துக்கும் ஆட்டம் 82. கடைசி இடத்துக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பை 25 சதவீதத்திலிருந்து 14ஆக என்.பி.ஏ. பிறகு குறைத்ததற்கு இந்தக் கூத்தும் ஒரு காரணம்.

தண்டரின் மேலாளர் சாம் பிரெஸ்டியும் உத்தமர் இல்லை. 2021இல் ஆடும் தகுதியோடு இருந்த அல் ஹார்ஃபர்டை 28 ஆட்டத்தோடு உட்காரவைத்துவிட்டு வேண்டுமென்றே தோற்றவர்தான். அந்தப் பருவத்தில் அவர் அணியின் வெற்றி 22, அடுத்த பருவத்தில் 24. ஒருவர் கெட்டவர், மற்றவர் நல்லவர் என்று பிரித்துவிட்டால் கட்டுரை எழுதுவது சுலபம். உண்மை அப்படி இல்லை.

ஹிங்கிக்கு ஆளைக் கண்டுபிடிக்கும் கண் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014இல் மூன்றாவதாக எடுத்த ஜோயல் எம்பீட், கால் எலும்பு முறிவால் முழுதாக இரண்டு பருவம் ஆடவில்லை. அணி காத்திருந்தது. 2023இல் அவர் எம்.வி.பி., அதாவது பருவத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனார். தோல்விக் கூடாரத்தில் வளர்கிற பிள்ளை வீணாகிவிடும் என்பவர்களுக்கு எம்பீட் ஒருவரே போதுமான மறுப்பு. அந்த அளவு உடம்பும் கைப்பக்குவமும் உள்ளவன் எங்கே நட்டாலும் முளைப்பான்.

அதனால் அணிகளை அளக்க உச்சியில் இருப்பவர்களைப் பார்த்துப் பயனில்லை. அடுத்த வரிசையைப் பார்க்க வேண்டும். நல்ல திறமை உண்டு, குறையும் உண்டு, எந்தப் பக்கமும் சாயலாம் என்கிற பையன்கள். வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது.

ஃபிலடெல்ஃபியா 2013இல் நெர்லன்ஸ் நோயலைக் கொண்டுவந்தது, 2014இல் எம்பீடை, 2015இல் ஜலீல் ஓகாஃபரை. மூவரும் சென்டர்கள். கூடைக்குக் கீழே இருப்பது ஒருவர் நிற்கும் இடம். அதற்கு மூன்று பேர். ஓகாஃபர் முதல் பருவத்தில் சராசரியாக 17.5 புள்ளி எடுத்தார். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, தோளால் இடித்து, திரும்பிப் போடும் பழைய பாணி ஆட்டம் அவருடையது. லீகே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய ஆட்டத்தை மாற்றிக்கொடுக்க நேரமோ இடமோ அங்கே இல்லை. நோயலும் போனார், ஓகாஃபரும் போனார். கார்ட்டர் வில்லியம்ஸ் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார், சரி. ஆனால் லீகிலேயே வேகமாக ஆடிய அணி அது, பந்தும் எப்போதும் அவர் கையில். எண்கள் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவர் எறிந்ததில் கூடைக்குள் போனது நூற்றுக்கு 40தான்.

இந்தச் சிறுவர் கூட்டத்துக்கு மூத்தவர் ஒருவர் வேண்டும் என்று அணிக்கு உறைத்து, ஓய்வில் இருந்த எல்டன் பிராண்டை அழைத்தபோது 2016 ஜனவரி ஆகிவிட்டது. அந்த ஏப்ரலில் ஹிங்கி 13 பக்கக் கடிதம் எழுதிவிட்டு விலகினார்.

ஓக்லஹோமாவில் வரிசை தலைகீழ். 2019இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தபோது ஐந்து முதல் சுற்று உரிமைகளோடு ஷேயும் வந்தார். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கைக் கொடுத்த இடத்தில் மூத்த ஆட்டக்காரர் கிறிஸ் பால் வந்தார். எல்லாரும் அவரை உடனே தள்ளிவிடுவார்கள் என்றே நினைத்தார்கள். தள்ளவில்லை. ஒரு பருவம் முழுக்க ஷே அவர் பக்கத்தில் ஆடினார். தோற்கத் தொடங்குமுன் ஜெயிப்பது எப்படி என்று பையன்கள் பார்த்துவிட்டார்கள்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஒரு காட்சி. 2020 செப்டம்பர், கொரோனாவால் பார்வையாளர் இல்லாத ஆர்லாண்டோ அரங்கம், ஹியூஸ்டனுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம். டிராஃப்டில் யாருமே எடுக்காத லூ டோர்ட், 21 வயது, 30 புள்ளி எடுத்திருக்கிறார். சில விநாடிகளே மிச்சம். வெளியிலிருந்து அவர் எறிகிறார். தொடர் முழுக்க அவர் மறித்துவந்த ஜேம்ஸ் ஹார்டன் பாய்ந்து கையால் தடுத்துவிடுகிறார். 104-102, தண்டர் தோல்வி. டோர்ட் அதற்கு முன் ஓக்லஹோமா சிட்டி புளூ என்ற துணை அணியில் ஆடியவர். அந்தத் துணை அணி இருப்பதும் அதே ஊர். அதன் பயிற்சியாளராக ஐந்து வருஷம் இருந்த மார்க் டெய்க்னால்ட்டையே 2020 நவம்பரில் தண்டர் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. மேலே போனாலும் கீழே வந்தாலும் பையனுக்கு ஒரே பாடம்தான்.

ஷேயின் சராசரியைப் பாருங்கள்: 19, 23.7, 24.5, 31.4. ஒரே நாளில் பூத்ததல்ல. கிளிப்பர்ஸ் தந்த உரிமை ஒன்றில் 2022இல் 12ஆவதாக வந்த ஜேலன் வில்லியம்ஸ், 2025 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தார். இன்னொரு புதுமுகம் செட் ஹோம்கிரன், எம்பீட் போலவே பாதத்தில் அடிபட்டு முதல் பருவம் முழுக்க உட்கார்ந்திருந்தார். பொருந்தாத பிள்ளையை மாற்றவும் பிரெஸ்டி தயங்கவில்லை: ஆறாவதாக எடுத்த ஜாஷ் கிடியைக் கொடுத்து, அனுபவசாலி அலெக்ஸ் கரூஸோவை வாங்கினார். பொக்குஷெவ்ஸ்கி போலத் தேறாத பையன்களும் உண்டு. 68 வெற்றியோடு 2025 கோப்பையை வென்ற அந்த அணி, 1977 போர்ட்லாண்டுக்குப் பிறகு பட்டம் வென்ற அணிகளில் வயதில் ஆக இளையது.

இடையில் ஒரு வேடிக்கை. கார்ட்டர் வில்லியம்ஸைக் கொடுத்து வாங்கிய உரிமையில் சிக்ஸர்ஸ் 2018இல் மிக்கல் பிரிட்ஜஸை எடுத்தது. அதே இரவில் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து மயாமியின் 2021 உரிமையையும் இன்னொரு புதுமுகத்தையும் வாங்கியது. அந்த உரிமை கிளிப்பர்ஸுக்குப் போய், பால் ஜார்ஜ் பேரத்தில் தண்டருக்கே வந்து சேர்ந்தது. கைமாறிய சீட்டு ஒன்றுதான். யார் வீட்டில் என்ன ஆனது என்பதுதான் வேறு.

ஃபிலடெல்ஃபியா கண்டெடுத்தவர்களில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. டி.ஜே. மெக்கானலையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. பத்தே வெற்றி பெற்ற அந்த 2015-16 அணியில்தான் அவர் தொடங்கினார். 2019இல் இண்டியானாவுக்குப் போனார். 2025 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், 33 வயதில், பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். தண்டர் பையன்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து அசிரத்தையாக உள்ளே போட்ட பந்துகளை ஓரத்தில் பதுங்கியிருந்து பறித்தார். 10 புள்ளி, 5 அசிஸ்ட், 5 ஸ்டீல். அன்று இண்டியானாதான் ஜெயித்தது.