விழி பறிக்கும் நஞ்சும் வழி மறிக்கும் மருந்தும்

அரவைப் பருவத்தில் சேத்தியாத்தோப்பு வழியாக நீங்கள் சென்றதுண்டா? கரும்பு ஏற்றிய வண்டிகள் சர்க்கரை ஆலையை நோக்கி வரிசையாகப் போவதைக் கண்டிருப்பீர்கள். சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகில் ஈஸ்ட்டைச் சேர்த்துப் புளிக்க வைத்து வடித்தால் எத்தில் ஆல்கஹால் கிடைக்கும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. பெயர் மெத்தில் ஆல்கஹால். அண்ணனிடம் இரண்டு கார்பன் அணுக்கள், தம்பியிடம் ஒன்றே ஒன்று. 1661இல் ராபர்ட் பாயில் மரத்தைக் காய்ச்சி வடித்து இதைப் பெற்றார். 1855 முதல் இங்கிலாந்தில், தொழிற்சாலைச் சாராயத்தை எவரும் குடித்துவிடாதபடி இதைக் கலக்கலாயினர். இரண்டும் நிறமற்றவை, பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

1993 வரை சேத்தியாத்தோப்பும் நெய்வேலியும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்தக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

வியப்பான செய்தி ஒன்று: மெத்தில் ஆல்கஹால் தன்னளவில் பெருந்தீங்கு செய்வதில்லை. அதை நஞ்சாக்குவது நம் கல்லீரலே! அங்குள்ள 'ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ்' என்னும் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. கட்டெறும்பின் கடியில் எரியும் அதே அமிலந்தான். இது உயிரணுக்களில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் 'சைட்டோகுரோம் ஆக்சிடேஸ்' என்ற நொதியை முடக்குகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உயிரணு மூச்சுத் திணறுகிறது. பார்வை நரம்பு எளிதில் இதற்கு இரையாகிறது. அமிலம் சேரப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவர் முதலில் நலமாகவே தோன்றுவார். பிறகுதான் கண் மங்கும்.

நஞ்சு பிறக்கும் வழியை மறித்தால் என்ன? நொதியைப் பூட்டு என்றும், அது மாற்றும் பொருளைச் சாவி என்றும் கொள்ளுங்கள். அண்ணன், தம்பி இருவரும் ஒரே பூட்டுக்குப் பொருந்தும் சாவிகள்; ஆனால் அண்ணன் பன்மடங்கு நன்றாகப் பொருந்துவான். நார்வே நாட்டுக் கண் மருத்துவர் ஓலுஃப் ரோ, இரண்டையும் சேர்த்துக் குடித்தவர்களுக்குத் தீங்கு குறைந்திருந்ததை 1940களில் கவனித்து எழுதினார். நொதி எத்தில் ஆல்கஹாலைக் கவனித்துக் கொண்டிருக்க, மெத்தில் ஆல்கஹால் மாறாமலே மூச்சிலும் சிறுநீரிலும் மெல்ல வெளியேறும். இதையே 'போட்டித் தடுப்பு' என்கிறோம்.

எனினும் எத்தில் ஆல்கஹால் போதை தருவது. இரத்தத்தில் அதன் அளவை இடைவிடாது கண்காணிக்க வேண்டும். இதைவிட நல்ல தடுப்பான் கிடைக்காதா?

விடை சுவீடனிலிருந்து வந்தது. நொதி ஆய்வுக்காக 1955இல் நோபல் பரிசு பெற்ற ஹியூகோ தியோரெல், 1963இல் யொனெடானியுடன் சேர்ந்து, பைரசோல் என்னும் பொருள் இந்நொதியை இறுகப் பற்றிக்கொள்வதைக் கண்டார். அதைத் திருத்தி அமைத்த 4-மெத்தில்பைரசோல் இன்னும் வலிமையானது, போதையும் தராதது. இதுவே 'ஃபோமெபிசோல்' என்னும் மருந்து. மெத்தில் ஆல்கஹால் நஞ்சுக்கு இதைப் பயன்படுத்த 2000இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது இடம் பெற்றுள்ளது.

வாசகர்களே, ஒன்றை மறவாதீர்கள். தடுப்பான் இனி உண்டாகப்போகும் நஞ்சைத்தான் தடுக்கும். முன்பே சேர்ந்த அமிலத்தை நீக்க இரத்தச் சுத்திகரிப்பும் பிற சிகிச்சைகளும் தேவை. வீட்டில் சாராயம் கொடுத்து முறிவு தேடுவது மடமை. கண் மங்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே உயிர் காக்கும் வழி. நொதிக்கு நல்லது கெட்டது தெரியாது. வந்ததை மாற்றுவதே அதன் தொழில். தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.