காத்திருப்பு நேரம் (கற்பித்தல்)

காத்திருப்பு நேரம் என்பது வகுப்பில் வினா எழுப்பிய ஆசிரியர், மாணவரின் விடைக்காகப் பேசாமல் இருக்கும் இடைவெளி. அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளால் இது ஆசிரியர் பயிற்சியில் முக்கிய இடம்பெற்றது.

வகைகள்

ரோ இதை இரண்டாகப் பகுத்தார். வினாவுக்குப் பின் வருவது முதல் இடைவெளி. மாணவர் விடை சொல்லி நிறுத்தியதிலிருந்து ஆசிரியர் மீண்டும் பேசும் வரை உள்ளது இரண்டாவது. மாணவர் தம் விடைக்குக் காரணம் சேர்ப்பதும், அதைத் திருத்துவதும், பிற மாணவர் மறுப்பதும் இந்த இரண்டாம் இடைவெளியில்தான்.

ஆய்வு முடிவுகள்

வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த ரோ, இரண்டு இடங்களிலும் ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதற்குள் விடை வராவிட்டால் வினாவைத் திருப்பிக் கேட்டனர்; அல்லது வேறொருவரை எழுப்பினர். பின்தங்கியவர்கள் எனக் கருதப்பட்ட மாணவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே கிடைத்தது.

இடைவெளி 3 நொடியை எட்டியபோது விடைகள் நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேசினர், மாணவர்கள் தாமே வினாக்கள் எழுப்பினர். ஆசிரியர் கேட்கும் வினாக்கள் எண்ணிக்கையில் குறைந்து, பலவகைப்பட்டன. 1985இல் ராபர்ட் ஸ்டால் இக்கருத்தை விரித்து, ‘சிந்தனை நேரம்’ என்று அழைத்தார்.

அவசரத்தின் காரணம்

விடை தெரிந்தே ஆசிரியர் கேட்பதை நன்னூல் அறிவினா என்கிறது. விடை தெரிந்தவருக்கு 3 நொடி மௌனம் நீண்டதாகத் தோன்றும். மாணவரோ அதற்குள் வினாவைப் புரிந்துகொண்டு, கற்றதை நினைவுக்குக் கொண்டுவந்து, சொல்லாக்கியாக வேண்டும்.

நடைமுறை

வினாவை வகுப்பு முழுவதற்கும் கேட்டு, காத்திருந்து, அதன் பிறகே ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது அடிப்படை முறை. பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடக்கூடும். ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறையில் மாணவர் முதலில் தனியே சிந்தித்து, அருகிலிருப்பவருடன் பேசி, பிறகு வகுப்பில் பகிர்வர். கூச்சமுள்ள மாணவருக்கு இது கைகொடுக்கும்.

வரம்பு

‘ஏழெட்டு எவ்வளவு?’ போன்ற வாய்பாட்டு வினாக்களுக்கு நீண்ட காத்திருப்பு தேவையில்லை. ‘ஏன்’, ‘எப்படி’ என்று காரணம் கேட்கும் வினாக்களுக்கே அது பயன்படும். செலவில்லாத, கருவி வேண்டாத இம்முறையை எந்தப் பள்ளியிலும் நாளையே தொடங்கலாம். மெதுவாக யோசிக்கும் குழந்தைக்கும் வகுப்பில் பேச வாய்ப்பளிப்பதே இதன் தலையாய பயன்.